இந்தச் செய்திக்கு பில் இருக்கிறதா?

கடை வைத்திருக்கும் சகோதரர்களிடமிருந்தே தொடங்குவோம். காலையில் பார்சல் வண்டியிலிருந்து ஒரு மூட்டை உங்கள் கடை வாசலில் இறங்குகிறது. அனுப்பியவர் பெயர் இல்லை. ஊர் இல்லை. பில் இல்லை. நீங்கள் ஆர்டர் கொடுத்த சரக்கும் அல்ல. என்ன செய்வீர்கள்? பிரித்து, விலை போட்டு, அலமாரியில் அடுக்கி, வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பில்லில் எண் சரியாக இருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்ப்பவர்கள் நீங்கள்.

அதே கல்லாவில், மதியம் வாடிக்கையாளர் வராத நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? யார் அனுப்பியது, எந்த ஊரில் உருவானது, எப்போது எடுத்தது என்று எதுவும் தெரியாத செய்திகளை நாளுக்கு இருபது வாங்குகிறோம். அதில் பத்தை அடுத்தவருக்கு அனுப்பியும் விடுகிறோம். கடையில் வேலை பார்க்கும் தம்பியும், கல்லூரிக்குப் போகும் உங்கள் மகனும் இதில் உங்களைவிடப் பெரிய மொத்த வியாபாரிகள். எந்தக் கட்சியை நம்பலாம், எந்தத் தலைவர் விலைபோனவர், சமுதாயத்தின் நண்பன் யார், பகைவன் யார் என்ற முடிவுகளை எல்லாம் அவன் இந்த பில் இல்லாத சரக்கிலிருந்துதான் செய்துகொள்கிறான். நாளை அவன் ஓட்டுப் போடப் போவதும் அதை வைத்துத்தான்.

எந்தப் பத்திரிகையையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அச்சிட்டவர் யார், எந்த அச்சகம், வெளியிடுபவர் யார், ஆசிரியர் யார், முகவரி என்ன என்று சொல்லும் வரி. நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைப் படித்ததே இல்லை. 1867ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் போட்ட சட்டம் அது. பத்திரிகைகளை நம் நன்மைக்காகவா கண்காணித்தான் வெள்ளைக்காரன்? தனக்கு எதிராக எழுதுபவனைப் பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று நினைத்தான். ஆனால் அந்த வரியால் வாசகனுக்கு ஒரு வசதி கிடைத்தது. பொய் எழுதினால் யாரிடம் போய்க் கேட்பது என்று அவனுக்குத் தெரிந்தது. மறுப்புக் கடிதம் அனுப்பலாம். பிரஸ் கவுன்சிலுக்கு எழுதலாம். அவதூறு வழக்குப் போடலாம். 2024 மார்ச் முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பொடி எழுத்து வரி பத்திரிகைகளை விட்டுப் போகவில்லை.

செய்திக்கான பில் என்று நான் சொல்வது அந்த வரியைத்தான்.

அன்று எங்கிருந்து வந்தது?

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முஸ்லிம் இளைஞனுக்கு அரசியல் எங்கிருந்து கிடைத்தது? டீக்கடையில் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படித்த நாளிதழிலிருந்து. பள்ளிவாசல் பக்கத்துப் படிப்பகத்திலிருந்து. மாதம் இருமுறையோ வாரம் ஒருமுறையோ தபாலில் வந்த சமுதாயப் பத்திரிகைகளிலிருந்து. இரவு ஒன்பதேகால் மணிக்கு இரைச்சலுக்கு நடுவே கேட்ட பி.பி.சி. தமிழோசையிலிருந்து. 1992 டிசம்பர் 6 அன்று பாபர் பள்ளி இடிக்கப்பட்டபோது, ரேடியோவைச் சுற்றிக் கூடிய தெருக்கள் எத்தனையோ. அந்தத் தமிழோசையும் 2017இல் வானொலியில் நின்றுபோனது.

பிறகு கேசட் வந்தது. தொண்ணூறுகளில் நம் இளைஞர்களை உருவாக்கியது, சரியாகவோ தவறாகவோ, ஒலிநாடா என்றால் அது மிகையல்ல. ஒரு பேச்சாளர் மேலப்பாளையத்தில் பேசினால் அடுத்த வாரம் அது அதிராம்பட்டினத்தில் கேட்டது. அதற்கடுத்த வாரம் துபாய் தேராவில் ஒரு கட்டில் அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்து கேட்டார்கள். அதிலும் சூடு இருந்தது, ஒருபக்கச் சாய்வு இருந்தது. ஒருவர் பேசியதற்கு இன்னொருவர் போட்ட மறுப்புக் கேசட், மறுப்புக்கு மறுப்புக் கேசட் என்று வீடுகள் இரண்டுபட்ட கதைகளும் உண்டு. ஆனால் அந்தக் கேசட்டின் மேல் பேசியவர் பெயர் இருந்தது, பேசிய ஊரும் தேதியும் இருந்தன. அவரே ஒருநாள் உங்கள் ஊர் மேடைக்கு வருவார். நீங்கள் எழுந்து நின்று துண்டுச்சீட்டில் கேள்வி அனுப்பலாம். ஒன்றரை மணி நேரப் பேச்சை முழுதாகக் கேட்ட பிறகுதான் ஆதரிப்பதோ எதிர்ப்பதோ.

அன்றைய பத்திரிகைகள் யோக்கியமானவை என்று சொல்ல வரவில்லை. போலீஸ் கொடுத்த குறிப்பை ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்சிட்டு, பிடிபட்டவனை அன்றே ‘தீவிரவாதி’ ஆக்கிய தலைப்புகளை மறந்தவரில்லை நாம். அப்துல் நாசர் மதனி கோவை வழக்கில் 1998இல் கைது செய்யப்பட்டார். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து 2007 ஆகஸ்டில் அந்த வழக்கில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். கைதான நாளின் தலைப்பை மனதில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், விடுதலையான நாளின் தலைப்பை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். பில் இருந்தால் சரக்கு நல்லது என்று அர்த்தமில்லை. திருப்பிக் கொடுக்க ஒரு கடை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இன்று எங்கிருந்து வருகிறது?

நம் மகனுக்குப் பத்திரிகை வாங்கிப் படிக்கும் பழக்கம் இல்லை. செய்திச் சேனலின் முன்னால் உட்கார்வதும் இல்லை. 2020 ஜூன் இறுதியில் மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ‘ரீல்ஸ்’ கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் ‘ஷார்ட்ஸ்’ கொண்டுவந்தது, அதுவும் உலகிலேயே முதலில் இந்தியாவில். சீனாக்காரன் காலி செய்த கடையை அமெரிக்காக்காரன் மறுநாளே வாடகைக்குப் பிடித்துக்கொண்டான். அதிலிருந்து ஒரு நிமிடத் துண்டுதான் அரசியல் பாடம்.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே 30 வயதுக்குட்பட்டவர்களில் 37 சதவீதம் பேர் சமூக வலைத்தளப் பிரபலங்களிடமிருந்து வழக்கமாகச் செய்தி பெறுகிறார்கள். நிருபரும் ஆசிரியரும் இருந்த இடத்தில் இன்று கேமரா முன் பேசத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவர்களில் நல்லவர்கள் உண்டு. ஆவணத்தைத் தேடி எடுத்து, திரையில் காட்டி, நாளிதழ்கள் தொடத் தயங்கியதைத் தைரியமாகப் பேசியவர்கள் தமிழிலும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நூறு பேர் பேசும்போது அந்தப் பத்துப் பேரை உங்கள் மகனுக்குப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பது யார்?

மகன் பொறுக்குவதில்லை, இயந்திரம் பொறுக்குகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று வியாபாரிகளுக்குச் சொன்னால் உடனே புரியும். கடைக்கு வந்தவரை எவ்வளவு நேரம் உள்ளே நிறுத்திவைக்கிறோமோ அவ்வளவு வருமானம் என்று ஒரு கடை இருந்தால் எப்படி இருக்கும்? யூடியூப் அப்படிப்பட்ட கடை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்குக்கு அது 2012இலேயே மாறிவிட்டது. நேரம் கூடினால் விளம்பரம் கூடும். ஃபேஸ்புக் ஒருபடி மேலே போனது. 2021 அக்டோபரில் அதன் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. 2017இலிருந்து ஒரு ‘லைக்’குக்கு ஒரு மதிப்பு என்றால், கோப முகம் உள்ளிட்ட உணர்ச்சி முகங்களுக்கு ஐந்து மதிப்பு கொடுத்திருக்கிறார்கள்! கோபம் வரவழைக்கும் பதிவு ஐந்து மடங்கு எடையோடு மேலே ஏறியிருக்கிறது. கோப முகத்துக்கான மதிப்பை 2020இல் பூஜ்யமாக்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குள் எத்தனை தேர்தல்கள், எத்தனை கலவரங்கள்!

அதனால்தான் நம் பையன் ஒருநாள் ஓர் அநியாயத்தைப் பற்றிய வீடியோவைக் கடைசிவரை பார்த்தால், மறுநாள் அதே போல் பத்து வருகின்றன. ஒரு வாரத்தில் உலகமே அந்த நிறத்தில் தெரிகிறது. பக்கத்து வீட்டு முருகனின் மகனுக்கோ, அவன் கடைசிவரை பார்த்த வேறொரு வீடியோவின் வழியாக, நம்மைப் பற்றிய பத்து வருகின்றன. இரண்டு பையன்களும் ஒரே பஸ்ஸில் ஒரே கல்லூரிக்குப் போகிறார்கள். ஆனால் இருவர் கையிலும் இருப்பது வேறு வேறு நாடு. டீக்கடைப் பத்திரிகையில் இந்த வசதி இல்லை. நாம் படித்த அதே பொய்யைத்தான் முருகனும் படித்தார். அது பொய் என்று அங்கேயே, அந்த பெஞ்சிலேயே அவரிடம் சொல்ல முடிந்தது.

வெட்டிய துண்டு

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. வழியில் குழந்தைகளைப் பார்த்த மூதாட்டி ஒருவர் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் கூடி அடித்தது. அந்த மூதாட்டி இறந்துபோனார். வடநாட்டுக் கும்பல் குழந்தைகளைக் கடத்த வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சில வாரங்களாகக் குரல் பதிவுகள் சுற்றிக்கொண்டிருந்தன. அனுப்பியவர்கள் எல்லோரும் ‘எச்சரிக்கைக்காக’ அனுப்பியவர்கள். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டத்தில் ராயின்பாடா கிராமத்தில் அதே சந்தேகத்தில் ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள்.

அந்த நாட்களில் நாடு முழுவதும் சுற்றிய வீடியோ ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் ஒரு குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம்! கடைசியில் அவர்களே திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு, குழந்தையைத் தூக்குவது இவ்வளவு சுலபம், கவனமாயிருங்கள் என்று அட்டை காட்டுவார்கள். யாரோ ஒருவன் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டான். படத்தில் ஒரு காட்சிகூடப் பொய்யில்லை. சில விநாடிகளைக் கழித்துவிட்டதிலேயே உயிர்கள் போயின. இன்று நம் பிள்ளைகள் பார்க்கும் அரசியல் பேச்சுகள் பெரும்பாலும் இப்படி முன்னும் பின்னும் வெட்டியவைதான்.

இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம் அசைந்தது. 2018 ஜூலையில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்றது. அப்படிப்பட்ட செய்திகளின் போக்குவரத்து 70 சதவீதம் குறைந்ததாக அதுவே அறிவித்தது. விரலுக்கு ஒரு சிறு தடை போட்டதற்கே எழுபது சதவீதம்! மீதி முப்பதை நாம் ஒவ்வொருவருக்காகப் பொறுமையாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

வியாபாரத்தை எப்படி அடிக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் திருப்பூருக்குப் போங்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு ஊர்களில் வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களின் படங்கள் அவை. பீகார் சட்டமன்றத்தில் கூச்சல் எழுந்தது. அங்கிருந்து அதிகாரிகள் குழு தமிழ்நாட்டுக்கு வந்து விசாரித்துவிட்டு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. பீகாரைச் சேர்ந்த யூடியூபர் ஒருவர் கைதானார். ஆனால் அதற்குள் ரயில் நிலையங்களில் மூட்டைகளோடு தொழிலாளர்கள் நின்றுவிட்டார்கள். ஹோலிக்காகப் போகிறவர் யார், பயந்து போகிறவர் யார் என்று முதலாளிகளுக்கே தெரியவில்லை. பனியன் கம்பெனியிலும் ஓட்டலிலும் பிரியாணிக் கடையிலும் வடநாட்டுத் தம்பிகளை வைத்து வேலை வாங்கும் நம் சகோதரர்கள் அந்த ஒரு வாரத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

2020 ஏப்ரல், மே மாதங்களை மறக்கவே முடியாது. டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸை வைத்து, கொரோனாவைப் பரப்பியவர்களே முஸ்லிம்கள்தான் என்று நாடே பேசியது. மத்தியப் பிரதேசம் ரைசேனில் ஒரு முதியவர் விரலில் எச்சில் தொட்டுப் பழங்களை அடுக்கும் வீடியோ பரவியது. அது பிப்ரவரியில் எடுத்தது என்பது பிறகு தெரிந்தது. சென்னை தியாகராய நகரில் ஒரு பேக்கரி உரிமையாளர் தன் கடையில் முஸ்லிம் வேலையாட்கள் இல்லை என்று விளம்பரமே செய்து கைதானார். முஸ்லிம்கள் வேலை செய்யும் பேக்கரியில் வாங்காதீர்கள் என்ற வாட்ஸ்அப் செய்திக்குப் பயந்துதான் அப்படிச் செய்தார் என்று சொல்லப்பட்டது. யோசித்துப் பாருங்கள். வதந்தியை உருவாக்கியவன் யாரென்று தெரியாது. அதற்குப் பயந்த ஒரு வியாபாரியின் கையில்தான் விலங்கு.

அதே நேரத்தில் இதே பொய்யை டி.வி. சேனல்களும் கூவின. அங்கே என்ன நடந்தது? 2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, தப்லீக் வெளிநாட்டவர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றும் மீடியாவில் பெரும் பிரச்சாரம் நடந்தது என்றும் எழுதியது. 2021 ஜூனில் செய்திச் சேனல்களின் ஒழுங்குமுறை அமைப்பு கன்னடச் சேனல் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. ஒரு லட்சம் அவர்களுக்கு டீச் செலவு. காலதாமதமான, அரைகுறை நீதி. இருந்தாலும் சேனலுக்கு ஒரு பெயர்ப்பலகை இருந்ததால் அதுவாவது கிடைத்தது. பேக்கரி வதந்தியை எழுதிய கைக்கு எந்த நீதிமன்றத்தில் சம்மன் அனுப்புவது?

நம் கையில் உள்ள சரக்கு

இதுவரை படித்ததில் தலையாட்டியிருப்பீர்கள். இனிச் சொல்வது கொஞ்சம் கசக்கும்.

நாமும் அனுப்புகிறோம். 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவைப் பற்றி நம் குழுக்களில் வந்த வீடியோக்களை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டு நிருபர்களைச் சுதந்திரமாக உள்ளே வரவிடாமல் இஸ்ரேல் தடுத்தது. காஸாவின் பிள்ளைகளே கையில் போனை எடுத்து நிருபர்கள் ஆனார்கள். அந்த வேலையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அல்ஜஸீராவின் அனஸ் அல் ஷரீஃப் 2025 ஆகஸ்ட் 10 அன்று, ஷிஃபா மருத்துவமனை அருகே பத்திரிகையாளர்களின் கூடாரத்தில் வைத்துக் கொல்லப்பட்டார். தன் பெயரைச் சொல்லி, முகத்தைக் காட்டி, நிற்கும் இடத்தைச் சொல்லிப் பேசியவர் அவர். அவருடைய செய்தியில் பில் இருந்தது. அந்த பில்லுக்காகத்தான் அவரைத் தேடி வந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். டி.வி.யை மட்டும் நம்பியிருந்தால் நம் இளைஞர்களுக்கு அந்த உண்மை எட்டியிருக்காது. செல்போனின் நன்மை அது. மறுப்பதற்கில்லை.

ஆனால் அதே குழுவில், அடுத்த வரியில், ‘ஆர்மா 3’ என்ற வீடியோ விளையாட்டின் காட்சி வருகிறது. விமானத்தைச் சுட்டு வீழ்த்துவது போன்ற அந்த விளையாட்டுக் காட்சிகளைப் போராளிகளின் வெற்றி என்று அனுப்பினார்கள். சிரியாவில் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த குழந்தையின் படத்தை நேற்றுக் காஸாவில் எடுத்தது என்று அனுப்பினார்கள். நோக்கம் நல்லதுதானே என்கிறீர்களா? மறுநாள் எதிர்த்தரப்பு என்ன செய்தது தெரியுமா? அந்த ஒரு பொய்ப் படத்தைக் காட்டி, பாருங்கள், எல்லாமே இப்படித்தான் என்றது. அனஸ் உயிரைக் கொடுத்து எடுத்த படத்தின் மேல் நாம் அனுப்பிய விளையாட்டு வீடியோவை வைத்து மூடினார்கள். கலப்பட மிளகாய்த்தூளில் ஒரு பாக்கெட் பிடிபட்டால் கடைத்தெரு முழுவதும் சரக்கு தேங்கிப்போகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரு ஹதீஸைச் சொன்னால் உடனே ‘இது ஸஹீஹா, லயீஃபா, அறிவிப்பாளர் வரிசை என்ன’ என்று கேட்கும் தலைமுறை நம் தலைமுறை. யாரிடமிருந்து யார் கேட்டார், இருவரும் சந்தித்தது உண்டா, அவர் நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று ஆயிரக்கணக்கான மனிதர்களின் வாழ்க்கையைத் துருவிப் பதிவு செய்து வைத்த முன்னோர்களின் வாரிசுகள் நாம். வரிசையில் ஒரு ஆள் யாரென்று தெரியாவிட்டாலும் அந்தச் செய்தி பலவீனம் என்று ஒதுக்கினார்கள். ஜும்ஆ முடிந்து வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, வரிசையில் ஒருவர் பெயர்கூடத் தெரியாத செய்தியை நாற்பது பேர் குழுவுக்கு அனுப்புகிறோம். கேட்டால், ‘எனக்கு வந்தது பாய், அப்படியே அனுப்பினேன்’.

அப்படியே அனுப்பினேன் என்று உங்கள் கடையில் சொல்ல முடியுமா? கெட்டுப்போன எண்ணெயை விற்றுவிட்டு, மொத்த வியாபாரி கொடுத்தான், அப்படியே கொடுத்தேன் என்றால் வாடிக்கையாளர் விடுவாரா?

சரி, சரக்கைச் சோதித்துக் கொடுப்பது யார்? அதற்கென்று சிலர் கிளம்பினார்கள். 2017இல் பிரதீக் சின்ஹாவும் முகமது ஜுபைரும் ‘ஆல்ட் நியூஸ்’ தொடங்கினார்கள். தமிழில் ‘யூடர்ன்’ வந்தது. 2022 ஜூன் மாதம் ஜுபைரைக் கைது செய்தார்கள். 2018இல் போட்ட ஒரு ட்வீட்டுக்காக! அதில் இருந்தது 1983இல் வந்த இந்திப் படம் ஒன்றின் காட்சி. ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கும்வரை ஒன்றன்பின் ஒன்றாக வழக்குகள். பொய்யைப் பரப்பியவர்கள் வெளியே, அது பொய் என்று சொன்னவர் உள்ளே.

பிறகு அரசாங்கங்களே இந்த வேலைக்கு வந்தன. மத்திய அரசு 2023 ஏப்ரலில், தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே முடிவு செய்யும் பிரிவுக்கு விதி கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழ்நாடு அரசும் 2023இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது. திருப்பூர் போன்ற வதந்திகளில் அரசு வேகமாக மறுப்புச் சொல்வது தேவைதான். ஆனால் அரசின் மீது குற்றச்சாட்டு வரும்போது அந்த அரசே தீர்ப்பும் சொன்னால்? சரக்கு விற்பவனே தன் தராசுக்குத் தானே முத்திரை குத்திக்கொள்வதை எந்தச் சந்தையில் ஏற்றுக்கொள்வார்கள்? எந்தக் கட்சியின் ஆட்சியாக இருந்தாலும் என் பதில் இதுதான்.

ஆகவே இளைஞனே, உன் கையில்தான் வேலை இருக்கிறது. ஒரு வீடியோ வந்தால் அதன் ஒரு காட்சியைப் படமாக எடுத்துக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார், எப்போது, எங்கே வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு நிமிடத் துண்டில் தலைவர் ஒருவர் அநியாயமாகப் பேசினால், முழுப் பேச்சையும் தேடிக் கேள். கேட்ட பிறகும் கோபம் மிச்சமிருந்தால் அது நியாயமான கோபம். கடைக்காரச் சகோதரர்களே, இரண்டு நாளிதழ் வாங்கிக் கடை பெஞ்சில் போடுங்கள். ஒன்று உங்களுக்குப் பிடித்ததாகவும் ஒன்று பிடிக்காததாகவும் இருக்கட்டும். மாதம் நானூறு, ஐந்நூறு ரூபாய் கணக்கில் பெரிதாகத் தெரியாது.

கருத்து நிறையவும் தகவல் கொஞ்சமாகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வாக்காளர் பட்டியலைவிட நல்ல உதாரணம் இல்லை. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம் கொடுத்தார்கள். 2002, 2005 காலத்துப் பழைய பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று காரணம் சொன்னார்கள்.

அந்த ஆறு வாரங்களில் நம் இளைஞர்கள் இதைப் பற்றிப் பார்த்த வீடியோக்களுக்குக் கணக்கில்லை. ‘குடியுரிமை போய்விடும்’ என்றது ஒன்று. ‘படிவமே வாங்காதீர்கள்’ என்றது இன்னொன்று. இந்தத் திருத்தத்தின் மேல் எழுந்த நியாயமான கேள்விகள் நீதிமன்றம்வரை போனவை, அவற்றைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் தன் அத்தாவின் பழைய ஓட்டு எந்தப் பாகத்தில் எந்த வரிசை எண்ணில் இருந்தது என்று தேடிக் கொடுக்கத் தெரிந்த பிள்ளைகள் ஒரு தெருவுக்கு எத்தனை பேர் இருந்தார்கள்? வாக்குச்சாவடி நிலை அலுவலரின் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர்? யூடியூபரின் ஊர், மனைவி, புதுக் கார் வரை தெரிந்திருக்கிறது. நம் தெருவுக்குப் படிவம் கொண்டுவந்த அந்தச் சத்துணவு ஊழியரின் போன் எண் தெரியாது.

உங்கள் கடைப் பையனை இன்றே கேளுங்கள். படிவம் 6 எதற்கு? பட்டியலில் பெயர் சேர்க்க. படிவம் 7? ஒரு பெயரை நீக்கச் சொல்ல, அல்லது ஆட்சேபிக்க. நம் பெயர்மேல் வேறொருவர் அதைக் கொடுத்திருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதைப் பற்றித்தான். படிவம் 8? திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும். பையனுக்கு 17 முடிந்திருந்தால் 18 ஆகும்வரை காத்திருக்க வேண்டாம், முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். தகுதி நாட்கள் ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1.